பார்க் ஸ்ட்ரீட்டின் தாளங்கள் – 12: டிரம்மருக்கு வேலை இருந்த காலம்

அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு 1945 ஏப்ரலில் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார், வயது 41. சென்ற பகுதி அங்கே முடிந்தது. கிராண்ட் ஹோட்டலில் அவர் நடத்திய குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய பியானோவைப் பற்றி எழுதுகிறார்கள். வணிகக் கப்பலில் வேலைபார்த்துக்கொண்டே அந்தக் குழுவோடு பாடிய ஜிம்மி விதர்ஸ்பூன் பின்னாளில் பெரிய புளூஸ் பாடகரானதைப் பற்றியும் எழுதுகிறார்கள். டிரம்ஸ் வாசித்தவரின் பெயர் வேண்டுமென்றால் இசைத்தட்டுப் பட்டியலின் கடைசி வரிவரை போக வேண்டும். பிற்காலப் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் இதே கதிதான். பாம் கிரேன் பாடினார், பிராஸ் கொன்சால்வெஸ் சாக்ஸஃபோன் வாசித்தார், லூயி பேங்க்ஸ் பியானோவில் இருந்தார் என்பது இந்த இசையை அறிந்த எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்து கையும் காலும் ஓயாமல் உழைத்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தப் பகுதி அவருக்கானது. ஜாஸும் லத்தீன் தாளமும் கைவந்த ஒரு டிரம்மர் எப்படி உருவாகிறார், எப்போது குழுத் தலைவராகிறார், எப்போது அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராகிறார் என்று பார்க்கலாம். பிறவித் திறமையும் நல்ல குருவும் அதில் ஒரு பங்குதான் என்பது என் வாதம். பெரும்பங்கு, வாரத்தில் ஆறு இரவு ஒரே மேடையில், ஆடுகிற மனிதர்களுக்கு முன்னால், சம்பளத்துக்கு வாசிக்கும் வேலைக்கு உரியது. கல்கத்தாவில் அந்த வேலை இருந்தவரை டிரம்மர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேலை போனதும் அவர்கள் வரும் வழி அடைபட்டது.

ஓட்டல் மேடையில் டிரம்மரிடம் எதிர்பார்க்கப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஒரே இரவில் ஃபாக்ஸ்டிராட், வால்ட்ஸ், ரும்பா, சாம்பா எல்லாம் வரும். 1950களில் மாம்போவும் சாச்சாச்சாவும் சேர்ந்துகொண்டன. கியூபாவில் இந்த ஆட்டங்களுக்கு வாசிக்கத் தாளக்காரர்கள் மட்டுமே மூன்று நான்கு பேர் இருப்பார்கள். காங்காவுக்கு ஒருவர், பாங்கோவுக்கு ஒருவர், டிம்பாலெஸ் என்ற உலோக உடல் கொண்ட இரட்டைப் பறைக்கு ஒருவர், கிளாவே எனப்படும் இரண்டு கட்டைகளைத் தட்ட இன்னொருவர். ஓட்டல் முதலாளி அத்தனை பேருக்கும் சேர்த்து ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுப்பார். ஆகவே அந்த ஒருவர் தன் டிரம்ஸ் செட்டையே நான்கு பேராக மாற்றிக்கொண்டார். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலைத் தொட்டு நிற்கும் கம்பிகளைப் பக்கவாட்டில் உள்ள பிடியைத் தட்டி விலக்கிவிட்டால் அதன் கரகரப்பு போய்விடும். டிம்பாலெஸ் போல ஒலிக்கும். இடது கைக் குச்சியைத் தோலின்மேல் படுக்கவைத்து அதன் தண்டால் உலோக விளிம்பைத் தட்டினால் கிளாவேக் கட்டையின் ஓசை வரும். வலது கை, பேஸ் டிரம்மின் தலையில் திருகி வைத்த மாட்டுமணியில் ஓடிக்கொண்டிருக்கும். நடுநடுவே இடது கை விடுபட்டு, டாம் டிரம்மில் காங்காவின் திறந்த அடியைப் போட்டுவிட்டுத் திரும்பும். கால்கள் இரண்டும் பேஸ் டிரம்மையும் ஹை-ஹேட்டையும் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் அச்சாணி கிளாவேயின் ஐந்து அடிகள். பதினாறு சிறு மாத்திரை கொண்ட ஒரு சுற்றில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் அடி விழும். நம் சொற்கட்டில் தகிட தகிட தகதிமி தக தகதிமி என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் ஒரு தட்டு தட்டினால் அது வந்துவிடும். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கணக்கு கடினமே இல்லை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஐந்து அடிகளும் பாட்டு முடியும்வரை இம்மியும் நகரக் கூடாது. சுற்றின் முன்பாதி எது, பின்பாதி எது என்பதில் குழு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். மெட்டு அதன்மேல் சரியாக உட்கார வேண்டும். புத்தகம் இதைச் சொல்லிவிடும், ஆனால் உடம்பில் ஏற்றாது. உடம்பில் ஏற்றுகிறவர்கள் தளத்தில் ஆடுகிறவர்கள். வேகம் கொஞ்சம் தொய்ந்தால் இருபது ஜோடிகளின் கால்கள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பாட்டுக்குள் தளம் காலியாகும், மேலாளர் மேடையோரம் வந்து நிற்பார். கச்சேரியில் உட்கார்ந்து கேட்கிற ரசிகர் இவ்வளவு கண்டிப்பானவர் இல்லை. பிழையைப் பொறுத்துக்கொண்டு கைதட்டிவிட்டுப் போய்விடுவார். இரவுக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஆறு இரவு, ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 1,200 மணி நேரம் இந்தக் கண்டிப்பின் கீழ் ஒருவர் வாசிக்கிறார். எந்த இசைப்பள்ளியும் இவ்வளவு நேரத்தைக் கொடுத்ததில்லை.

லண்டனில் வாழ்ந்த எட்மண்டோ ராஸின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. அவருக்கும் தமிழ் சினிமாவுக்கும் ஓர் உறவு உண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1910இல் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர் ராஸ். வெனிசுவேலாவில் தாளக்கருவிகள் வாசித்துவிட்டு 1937இல் ராயல் அகாடமியில் இசை படிக்க லண்டன் வந்தார். பகலில் படிப்பு, இரவில் விடுதி மேடை. 1938இல் அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் லண்டனில் இசைத்தட்டுப் பதிவுசெய்தபோது டிரம்ஸ் வாசித்தவர் இவர்தான். அடுத்து, கியூபாக்காரரான மரினோ பரேட்டோவின் குழுவில் பாடிக்கொண்டே தாளம் வாசித்தார். 1940இல் தனக்கென்று ஒரு ரும்பா குழு அமைத்தார். போர் முடிந்த சில ஆண்டுகளில் அவரிடம் சொந்தமாக ஒரு நடனப் பள்ளி, ஓர் இசைத்தட்டு நிறுவனம், கலைஞர்களுக்கு வேலை பிடித்துத்தரும் ஒரு முகமை எல்லாம் இருந்தன. 1951இல் ரீஜண்ட் தெருவில் தான் வாசித்துவந்த விடுதியையே விலைக்கு வாங்கினார். டிரம்மர், தலைவர், ஆசிரியர், முதலாளி என்ற நான்கு படிகளையும் அவர் ஏறியது ஒரே ஏணியில். ஒவ்வோர் இரவும் நிறைகிற நடனத் தளம்தான் அந்த ஏணி. அவருக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே அகாடமியில் அதே ஆசிரியர்களிடம் தாளம் படித்த மற்றவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசைக்குப் போனார்கள், இவர் முன்வரிசைக்கு வந்தார். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரவு வேலை என்றே நினைக்கிறேன். 1960களில் இங்கிலாந்தில் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி திறக்கப்பட்டதும் பணக்கார வாடிக்கையாளர்கள் அங்கே போனார்கள். 1965இல் ராஸின் விடுதி மூடப்பட்டது. 1975இல் குழுவைக் கலைத்தபோது, அத்தனை ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த இசைக்குறிப்புத் தாள்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார். நூறு வயதைக் கடந்து 2011இல் அவர் இறந்தபோது அந்தப் பள்ளியிலிருந்து வந்த வாரிசு என்று சுட்டிக்காட்ட ஒரு குழு இல்லை.

நியூயார்க்கிலும் இதுதான் நடந்தது. டிட்டோ புவெண்டே டிம்பாலெஸைப் பின்வரிசையிலிருந்து எடுத்துவந்து மேடையின் முன்னால் வைத்து, நின்றுகொண்டே வாசித்துக் குழுவை நடத்தினார். அவரும் மச்சிட்டோவும் டிட்டோ ரொட்ரீகஸும் மாறிமாறி வாசித்த இடம் பிராட்வேயில் இருந்த பல்லேடியம் நடனக்கூடம். 1966இல் அது மூடப்பட்ட பிறகு மாம்போக் குழுக்களுக்கு அப்படியோர் இடம் வாய்க்கவில்லை. புவெண்டே ஜூலியர்டு இசைப்பள்ளியில் படித்தவர், மேதை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு ஜூலியர்டு இருந்தது, பல்லேடியம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வரலாம். ராஸின் குழு பதிவுசெய்த பாட்டுகளில் ஒன்று ‘சிக்கோ சிக்கோ’; 1945இல் ஹாலிவுட் படமொன்றில் கார்மென் மிராண்டா பாடியது. பம்பாயில் இசையமைப்பாளர் சி. ராமச்சந்திரா அதன் சாயலில் 1950இல் ‘சமாதி’ படத்துக்கு ‘கோரே கோரே’ பாட்டை அமைத்தார். அடுத்த ஆண்டே ஏவிஎம்மின் ‘ஓர் இரவு’ படத்தில் ஆர். சுதர்சனத்தின் இசையில் அது ‘அய்யா சாமி’ ஆகித் தமிழ்நாட்டின் தெருவெல்லாம் ஒலித்தது. ராமச்சந்திரா நமக்கு அந்நியர் இல்லை. ‘வனமோகினி’ (1941) போன்ற தமிழ்ப் படங்களில் இசையமைத்துத்தான் தன் தொழிலையே தொடங்கினார். பிற்பாடு ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) அவர் இசையில் வந்தது. லண்டன் விடுதியிலிருந்து மயிலாப்பூர்வரை வந்த இந்தத் தாளத்தை வழியில் ஏந்திக்கொண்டவர்கள் யார்? தாஜ் மகால் ஹோட்டலில் நடனத்துக்கு வாசித்த கோவாக்காரர் சிக் சாக்லேட்டும், அவரைப் போன்ற ஓட்டல் மேடைக் கலைஞர்களும்தான். ராமச்சந்திராவுக்குத் துணைநின்ற சிக் சாக்லேட், ‘அல்பேலா’ (1951) படத்தில் தன் குழுவோடு திரையிலேயே தோன்றுகிறார். அந்த வட்டத்தின் தாளக்காரர் காவஸ் லார்ட் என்ற பார்சி. ஜாஸ் டிரம்மரான அவர் பாங்கோ, காங்கா போன்ற லத்தீன் கருவிகளை இந்தித் திரையிசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை எல்லோரும் காக்கா என்று உறவுமுறை சொல்லித்தான் அழைத்தார்கள். தன் மகன்கள் கெர்சி லார்டையும் பர்ஜோர் லார்டையும் அதே தொழிலில் ஆளாக்கினார். 1935இல் பிறந்த கெர்சி பதின்ம வயதிலேயே ஒலிப்பதிவுக்குப் போகத் தொடங்கி, தாளத்தோடு அக்கார்டியன், மணிப்பலகை, கடைசியில் சிந்தசைசர்வரை வாசித்து அரை நூற்றாண்டு அங்கேயே இருந்தார். காவஸ் லார்ட் பள்ளிக்கூடம் எதுவும் நடத்தவில்லை. தினமும் வேலை இருந்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார், அதுவே பள்ளிக்கூடமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வெளிநாட்டு மெட்டைக் காப்பியடித்ததைப் போய் மரபு, பள்ளி என்று பேசலாமா? மெட்டு கடன் வாங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாளத்தை அப்படிக் கடன் வாங்க முடியாது. ராஸின் இசைத்தட்டில் டிரம்மருக்குப் பக்கத்தில் மரக்காஸும் பாங்கோவும் ஆங்கிலச் சொற்களின் அழுத்தத்துக்கு ஏற்ப நிற்கின்றன. இந்தியிலோ தமிழிலோ சொல் வேறிடத்தில் அழுந்துகிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இடையிசை வந்து தாளம் வேறு நடைக்கு மாற வேண்டியிருக்கிறது. பக்கத்தில் தபலாவோ டோலக்கோ உட்கார்ந்திருக்கிறது. டோலக் இறங்கி அடிக்கும் இடத்தில் பாங்கோ ஒதுங்கவும், அது விட்ட இடத்தில் பாங்கோ எழும்பவும் வேண்டும். இந்த ஒட்டுவேலைக்கு எந்த இசைத்தட்டிலும் முன்மாதிரி இல்லை. அதைச் செய்தவர் ரும்பாவை ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் வாசித்து, எதை விட்டால் அது ரும்பாவாக இருக்காது, எதை விட்டாலும் இருக்கும் என்று அறிந்திருந்தார். தமிழில் இதற்குச் சான்று வேண்டுமென்றால் ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடமே காட்சியாக வரும் பாட்டு அது. எம். எஸ். விசுவநாதன் கைவீசிக் குழுவை நடத்துகிறார், டி. எம். சௌந்தரராஜன் மைக்கின் முன் நிற்கிறார். தாளத்தில் பாங்கோ முன்னால் வந்து துள்ளுகிறது. ஆனால் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தமிழ்ச் சொல்லாகவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு லத்தீன் ஆட்டத்தாளம் நம் மொழிக்குள் முழுதாகக் குடியேறிவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியவில்லை.

சென்னையைச் சொன்னதும் சிவமணியைக் காட்டி என் வாதத்தை மறுக்கலாம். அவர் எந்த ஓட்டலின் நடனக் குழுவில் வளர்ந்தார்? மேதை எங்கிருந்தாலும் முளைப்பான் என்பதற்கு அவரே சாட்சி இல்லையா? அவர் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. அப்பா ஆனந்தன் திரையிசையில் தாளக் கலைஞர். சிறுவயதிலேயே டிரம்ஸில் உட்கார்ந்த சிவமணி, கே. வி. மகாதேவன் காலத்திலிருந்தே ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தார், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் கச்சேரிகளில் ஊர் ஊராகப் போனார். சென்னையின் ஆங்கிலோ இந்திய டிரம்மர் நோயல் கிராண்டைத் தனக்கு முன்னோடியாகச் சொல்கிறவர் அவர். தமிழ்நாட்டில் நடன விடுதிகள் குறைவு. அவற்றின் இடத்தில் ஸ்டூடியோக்களும் மெல்லிசைக் குழுக்களும் இருந்தன. ஒரு காலத்தில் ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளத்துக்கே இசைக்கலைஞர்களை வைத்திருந்தன. கோயில் திருவிழாவும் கல்யாண வரவேற்பும் ஆண்டு முழுவதும் மெல்லிசைக் குழுக்களை ஓடவைத்தன. ஒரே இரவில் இருபது முப்பது பாட்டு, ஒவ்வொன்றும் வேறு நடை, எதிரே உடனுக்குடன் முகம் சுளிக்கவும் விசிலடிக்கவும் தெரிந்த கூட்டம். நடனத் தளம் செய்த வேலையைச் சற்று வேறு விதத்தில் இதுவும் செய்தது. 2019இல் பத்மஸ்ரீ பெற்ற சிவமணியின் கைகளில் அத்தனை வேலை நாட்களும் இருக்கின்றன. மேதைமையை நான் மறுக்கவில்லை. அது முளைப்பதற்கு ஓர் ஊர் எத்தனை வேலை நாட்களைத் தந்தது என்பதைத்தான் வரலாறு கணக்கெடுக்க வேண்டும்.

கல்கத்தாவில் அந்தக் கணக்கு எப்படி ஏறி இறங்கியது என்று பார்ப்பதற்கு முன், இதைவிடக் கனமான ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கிராண்ட் ஹோட்டலில் வெதர்ஃபோர்டு வாசித்த ஆண்டுகளுக்குள்தான் 1943 வருகிறது. வங்காளப் பஞ்சத்தில் இறந்தவர்கள் முப்பது லட்சம்வரை என்பது மதிப்பீடு. கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் அதே நகரத்தின் நடைபாதைகளில் செத்து விழுந்துகொண்டிருந்தபோது, உள்ளே ராணுவ அதிகாரிகள் ரும்பா ஆடினார்கள். அந்த இசையின் வரலாற்றை ஏக்கத்தோடு எழுதலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது, அதைத் தாண்டிக் குதிக்க எனக்கு உரிமையில்லை. தானியத்தைப் பதுக்கியவர்கள் மீதும், தடுத்திருக்கக்கூடிய சாவைத் தடுக்காத அரசின் மீதும் வைக்க வேண்டிய குற்றத்தை மேடையில் கூலிக்கு வாசித்தவர்கள் மீது வைக்க முடியாது என்பதை மட்டும் சொல்வேன். அவர்கள் யார் என்று பாருங்கள். சொந்த நாட்டில் வெள்ளையர் ஓட்டலின் முன்வாசல் வழியே நுழைய முடியாத கறுப்பு அமெரிக்கர்கள், கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் சுரம் கற்றுப் பிழைப்புத் தேடி வந்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், புஷ்கர் பகதூர் என்ற பெயரை மாற்றி ஜார்ஜ் பேங்க்ஸ் என்று மேடையேற வேண்டியிருந்த ஒரு நேபாளி. ஆட்டம் கனவான்களுடையது, உழைப்பு இவர்களுடையது. அந்த உழைப்பு கனவான்களின் கூடத்தோடு முடிந்துபோயிருந்தால் இந்தத் தொடருக்கே அவசியம் இருந்திருக்காது. அது சினிமாக் கொட்டகை வழியாகச் சில அணாக்களுக்கு டிக்கெட் வாங்கியவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது; மேலே சொன்ன பாட்டுகளின் பயணம் அதைத்தான் காட்டுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு மேடைகள் கிராண்ட் ஹோட்டல் இருக்கும் சௌரங்கியிலிருந்து பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் பரவின. மொக்காம்போ, டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ், மக்னோலியா என்று கூப்பிடு தூரத்தில் அத்தனை இடங்கள். ஒரு டிரம்மருக்கு ஓரிடத்தில் வேலை போனால் தெருவைக் கடந்தால் இன்னொன்று கிடைக்கும். தன் இடைவேளையில் எதிர்க்கூடத்துக்குப் போய் மற்றவர் வாசிப்பைக் கேட்கலாம். பழகுகிறவனைக் கடைசிப் பாட்டுகளுக்கு உட்காரவைத்துப் பார்க்கலாம். பல மேடைகள் அருகருகே இருப்பதால் கிடைக்கும் இந்தப் போட்டியும் பாடமும் ஒரே ஒரு பெரிய மேடையால் கிடைக்காது. 1960களின் இறுதியிலிருந்து எல்லாம் சேர்ந்து இறங்கியது. நேரடி இசை உள்ள உணவகங்கள் மீது கேளிக்கை வரி ஏறியது. நக்சல்பாரி ஆண்டுகளின் பதற்றத்தில் மக்கள் இரவில் வெளியே வரத் தயங்கினார்கள். கம்பெனிகள் தலைமையகத்தை பம்பாய்க்கு மாற்றின, மின்வெட்டு வாடிக்கையானது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறின. ஜார்ஜ் பேங்க்ஸின் மகன் லூயி 1970களில் புளூ ஃபாக்ஸில் நடத்திய குழு அந்தக் காலத்தின் கடைசிப் பெரிய குழு. அவரும் பம்பாய் போனார். அவருடைய மகன் ஜீனோ பேங்க்ஸ் இன்று நாட்டின் முன்னணி டிரம்மர்களில் ஒருவர். ஆனால் மும்பையின் டிரம்மர். வேலை எங்கே போனதோ அங்கேதான் அடுத்த தலைமுறை வளர்ந்தது. புளூ ஃபாக்ஸ் இருந்த இடத்தில் பிற்பாடு ஒரு பர்கர் கடை வந்தது.

ரசனை மாறிவிட்டது, ராக் வந்தது, டிஸ்கோ வந்தது, வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜாஸ் போயிருக்கும் என்பது பரவலான கருத்து. எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது. ஜாஸ் பாட்டுகள் போயிருக்கும்தான். டிரம்மரின் நாற்காலி போயிருக்க வேண்டியதில்லை. சென்னையில் நைன் ஜெம்ஸ் விடுதியில் பாடத் தொடங்கிய உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப், 1969இல் டிரிங்காஸ் மேடையில் பட்டுப்புடவையும் பொட்டுமாக நின்று பாப் பாட்டுப் பாடியபோது கூட்டம் அலைமோதியது. ரசிகர்கள் மாறினார்களே தவிர நேரடி இசையை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1994இல் பார்க் ஹோட்டல் ‘சம்பிளேஸ் எல்ஸ்’ என்ற கூடத்தைத் திறந்து நாள்தோறும் ஒரு குழுவை வாசிக்கவிட்டபோது அங்கும் கூட்டம் வந்தது. 1970களின் ‘ஹை’ குழுவிலிருந்தே டிரம்ஸ் வாசித்துவந்த நந்தன் பாக்சிக்கு ‘ஹிப் பாக்கெட்’ குழுவோடு நிரந்தர மேடை கிடைத்தது அங்கேதான். லத்தீன் தாளத்தையே தன் வழியாக எடுத்துக்கொண்ட மனோஜித் தத்தாவால் (ஊரார் வாயில் கொச்சு) ‘லாஸ் அமிகோஸ்’ என்ற குழுவை கொல்கத்தாவில் நடத்த முடிந்தது. ஒரு கூடம் திறந்தாலே ஓர் ஊரில் தாளம் மறுபடி தலையெடுக்கும் என்பதற்கு இவ்வளவு சான்று போதும். கூடம் ஒன்றே ஒன்றாக இருந்தால் எதிர்க்கூடத்துப் போட்டி இருக்காது என்பதும் இதிலேயே தெரிகிறது.

நகரத்தின் கிழக்கு விளிம்பில் இன்று எழுந்திருக்கும் நியூ டவுனை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? பார்க் ஸ்ட்ரீட் ஓங்கியிருந்தபோது அது ராஜர்ஹாட்டின் வயலும் நீர்நிலையுமாக இருந்தது. 1999இல் மாநில அரசின் வீட்டுவசதி உள்கட்டமைப்பு நிறுவனமான ஹிட்கோ அமைந்த பிறகுதான் இன்றைய நகரம் உருவானது. விஸ்வ பங்களா மாநாட்டு மையத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ரவீந்திர தீர்த்தமும் நஸ்ருல் தீர்த்தமும் அழகான அரங்குகள். கட்டடத்துக்குக் குறைவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஓர் இரவுக்கு வாடகைக்கு விடப்படும் இடங்கள். மாதம் ஒரு கச்சேரி வாய்க்கிற டிரம்மர் ஆண்டு முழுவதும் மேடையில் இருப்பது இருபது மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்; அதை 1,200 மணி நேரத்தோடு வைத்துப் பாருங்கள். வீட்டில் பயிற்சி செய்யலாமே என்றால், மற்ற வாத்தியக்காரருக்குப் பொருந்தும் அந்த யோசனை டிரம்மருக்குப் பொருந்தாது. இருபது மாடிக் குடியிருப்பில் ஒரு பேஸ் டிரம்மை மிதித்தால் மேலும் கீழும் நான்கு வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். ரப்பர் பட்டை போட்ட மின்னணு டிரம்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகுகிறார்கள். கைவேகம் வரும், ஆனால் குச்சி தோலில் விழுந்து திரும்பும் விசையும், ஒரு கூடத்தின் காற்றில் ஒலி பரவும் அளவும் அதில் வராது.

இணையத்தில் உலகத்தின் தலைசிறந்த டிரம்மர்களின் பாடமெல்லாம் கிடைக்கும் காலத்தில் ஓட்டல் மேடைக்காக வருந்துவது ஏன் என்று இளையவர்கள் கேட்பார்கள். அவர்கள் கைக்கு இன்று எட்டியிருப்பது காவஸ் லார்டுக்குக் கனவிலும் எட்டாதது. கிளாவேயின் இருபது வகைகளை ஒரே மாலையில் கேட்டுவிடலாம். அறிவு பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் திரையில் வரும் ஆசிரியர் நீங்கள் வாசிப்பதைக் கேட்பதில்லை. பேஸ் கிட்டார்க்காரர் சற்று முந்தும்போது அவரை இழுத்துப் பிடிப்பதா, கூடவே போவதா என்ற முடிவை அரை நொடியில் எடுக்கக் கற்றுத்தருவது பக்கத்தில் நிற்கிற இன்னொரு மனிதர். குழுத் தலைவர் ஆவதென்றால் இந்த முடிவுகளை ஆயிரம் முறை எடுத்திருப்பதுதான். ஆசிரியர் ஆவதென்றால் அந்த முடிவுகளின் காரணத்தைச் சொல்லத் தெரிந்திருப்பது. பெங்களூரில் பிறந்து கல்கத்தாவில் நிலைத்த கிட்டார்க் கலைஞர் கார்ல்டன் கிட்டோ 2016இல் இறக்கும்வரை மாணவர்களுக்கு பீபாப் என்ற ஜாஸ் பாணியைச் சொல்லிக்கொடுத்தார். புளூ ஃபாக்ஸ் காலத்தில் லூயி பேங்க்ஸோடு வாசித்தவர். மற்றவர்கள் போன பிறகும் ஊரை விடாமல் இருந்தவர். அவரிடம் படித்த பல கிட்டார் மாணவர்கள் கொல்கத்தாவில் இருக்கிறார்கள். டிரம்ஸுக்கு அப்படியொரு தொடர்ச்சி வாய்க்காததற்கு ஆளில்லாதது காரணமில்லை. கிட்டாரை ஓர் அறையில் இரண்டு நாற்காலி போட்டுச் சொல்லிக்கொடுத்துவிடலாம். டிரம்ஸுக்குக் குழு வேண்டும், கூடம் வேண்டும், கூடத்தில் ஆடுகிறவர்கள் வேண்டும்.

வரி, மின்வெட்டு, குடிபெயர்வு என்று நான் அடுக்கிய காரணங்களில் எது முதன்மையானது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வரியையே முதலில் வைப்பேன். மற்றவை எல்லாம் வந்துபோகிற கஷ்டங்கள், வரி மட்டும் ஒவ்வொரு மாதக் கணக்கிலும் வந்து உட்கார்ந்தது. உணவக முதலாளி செலவைக் குறைக்க நினைத்தபோது ஐந்து பேர் குழு மூன்று பேராகச் சுருங்கியது. சுருங்கும்போது முதலில் வெளியே போனவர்களில் டிரம்மரும் ஒருவர். பாடகரும் பியானோவும் ஒரு தாளப்பெட்டியும் இருந்தால் போதும் என்று முடிவானது. அந்தத் தாளப்பெட்டியும் இசைத்தட்டும் கேசட்டும் நேரடிக் கலைஞரின் சம்பளத்தை என்ன செய்தன என்பது தனிக் கதை. அதற்கு நியூ டவுனிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் தம் தம்மில் கிராமஃபோன் கம்பெனி 1928இல் திறந்த தொழிற்சாலையிலிருந்து அடுத்த பகுதி தொடங்கும்.